பழைய சுவரும் புதிய பெயர்ப்பலகையும்

சாகண் என்றால் நம் சங்கத்து நண்பர்கள் பலருக்கு மோட்டார்த் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும்; சிலருக்கு வெங்காயச் சந்தை நினைவுக்கு வரும். புனேயிலிருந்து நாசிக் சாலையில் போகிறவர்களுள், அவ்வூரில் ஒரு கோட்டை இருக்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. சங்கிராம துர்க்கம் என்பது அதன் பெயர். 1660-ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சாயிஸ்தகான் பெரும்படையோடு வந்து அதனை முற்றுகையிட்டான். சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாளா, சிறு படை ஒன்றை வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாத காலம் தாக்குப்பிடித்தார். சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்து மதிலைப் பிளந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. இன்று அங்கே எஞ்சி நிற்பவை மதிலின் சில பகுதிகள்தாம்.

அதே சாகணில், தொழிற்பேட்டைப் பக்கம் போனால், மாரியட் குழுமத்தின் கோர்ட்யார்ட் போன்ற புத்தம் புதிய ஓட்டல்களைக் காணலாம். 2009-இல் வோக்ஸ்வாகன் தொழிற்சாலை தொடங்கியது முதல் இவ்வூருக்கு வெளிநாட்டுப் பொறியாளர் வருகை மிகுந்தது. வருகிறவர் இரவு தூங்கும் அறை மூனிக்கில் இருந்தாலும், மணிலாவில் இருந்தாலும், சாகணில் இருந்தாலும் ஒன்று போலவே இருக்கும். இதை நான் குறையாகக் கூறவில்லை. நெடுந்தூரம் வந்து களைத்தவனுக்கு, விளக்கின் பொத்தான் எங்கே இருக்கும் என்பது முன்னதாகவே தெரிந்திருப்பது பெரிய ஆறுதல்.

ஆக, ஒரே ஊரில் கூரையில்லாத பழமை ஒருபுறம். பழமையில்லாத கூரை மறுபுறம். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடி அமைவதுண்டா? உண்டு. பெயர் பெற்ற ஓட்டல் நிறுவனங்களே நடத்தும் பழைய மாளிகைகளும், அஞ்சலகங்களும், தொழிற்சாலைகளும் உலகெங்கும் இருக்கின்றன. வெளிநாடு செல்லும் தமிழர் ஒருவர் அவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். பௌதிகம் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

தொடர் ஓட்டல் என்பது யாது?

ஒரே பெயரில், ஒரே வகை ஒழுங்கோடு, பல ஊர்களில் நடக்கும் ஓட்டல்களைத் தொடர் ஓட்டல்கள் எனலாம். இதன் இக்கால வடிவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஹாலிடே இன். கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர், தம் மனைவி மக்களோடு காரில் நெடும்பயணம் போனபோது, வழியில் கிடைத்த விடுதிகளின் அழுக்கையும் குழந்தைகளுக்கெனத் தனியாகக் கேட்ட கட்டணத்தையும் கண்டு சலித்தார். எங்கே போனாலும் ஒரே அளவு, ஒரே தூய்மை, ஒரே நியாயம் என்ற கருத்தோடு 1952-இல் மெம்பிஸ் நகரில் முதல் விடுதியைத் திறந்தார். தொடர் ஓட்டலின் உயிர்க்கொள்கை இதுதான்: வந்தவருக்கு வியப்பு எதுவும் நேரக்கூடாது.

பழைய கட்டடத்தின் இயல்போ இதற்கு நேர்மாறு. அங்கே ஓர் அறை போல மற்றோர் அறை இராது. ஒரு கதவு சிறிதாக இருக்கும்; ஒரு படி உயரமாக இருக்கும். வியப்பே அதன் உயிர். ஆதலின், பழமையும் தொடரும் கைகோத்த இடத்தில் ஓயாமல் ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கும். எந்த ஓட்டலில் எந்தப் பக்கம் வென்றிருக்கிறது என்று காண்பதே நாம் செய்ய வேண்டிய ஆராய்ச்சி.

இவ்விரண்டும் முன்பே ஒருங்கு வாழ்ந்த காலமும் உண்டு. ஆர்மீனிய இனத்தைச் சேர்ந்த சார்க்கீஸ் சகோதரர்கள் 1880-களில் பினாங்கில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஓட்டலையும், 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஓட்டலையும், 1901-இல் ரங்கூனில் ஸ்ட்ராண்டு ஓட்டலையும் நடத்தத் தொடங்கினர். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் ஆகிய மூன்றும் தமிழர் கப்பலேறிப் போன துறைமுகங்கள் அல்லவா? நம் முன்னோர் மூட்டை சுமந்து இறங்கிய கரையிலேயே, கீழை நாடுகளின் முதல் தொடர் ஓட்டல்களுள் ஒன்று எழுந்து நின்றது. அன்று அவை புதுமை. இன்று அவையே பழமை.

பெயர் யாருடையது, கட்டடம் யாருடையது?

பெயர்ப்பலகையில் உள்ள நிறுவனமே கட்டடத்தின் சொந்தக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. இதில் மூன்று முறைகள் உண்டு.

முதலாவது, நிறுவனமே கட்டடத்தைச் சொந்தமாகவோ நெடுங்காலக் குத்தகையாகவோ வைத்து நடத்துவது. இரண்டாவது, கட்டடம் வேறொருவருடையது. நடத்துவது மட்டும் நிறுவனம். உதயபுரி ஏரியின் நடுவே நிற்கும் ஏரி மாளிகையை இதற்கு ஒப்பச் சொல்லலாம். 18-ஆம் நூற்றாண்டில் மேவார் மகாராணா இரண்டாம் ஜகத்சிங் கட்டிய அந்த அரண்மனை 1960-களில் ஓட்டலாயிற்று. 1971 முதல் தாஜ் நிறுவனம் அதனை நடத்தி வருகிறது. மூன்றாவது, பெயரை மட்டும் கடன் வாங்குவது. உள்ளூர்க்காரர் ஒருவர் தம் ஓட்டலைத் தாமே நடத்துவார். நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி அதன் பெயரையும் முன்பதிவு வசதியையும் பெறுவார்.

மூன்றாவது முறையின் ஒரு பிரிவைப் பயணிகள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அண்மைக் காலத்தில் பெருநிறுவனங்கள் ‘கலெக்‌ஷன்’ என்று முடியும் பெயர்களைப் புதிதாக உண்டாக்கியிருக்கின்றன. மாரியட்டின் ஆட்டோகிராஃப் கலெக்‌ஷன் 2010-இலும், ஹில்டனின் கியூரியோ கலெக்‌ஷன் 2014-இலும் தோன்றியவை. தாஜ் ஓட்டல்களை நடத்தும் நம் நாட்டு நிறுவனம் 2019-இல் செலக்‌ஷன்ஸ் என்ற பெயரில் இத்தகைய தொகுப்பைத் தொடங்கியது. தனித்தன்மையுள்ள ஓட்டல்கள் தம் பழைய பெயரையும் தோற்றத்தையும் விடாமலேயே பெருநிறுவனத்தின் குடைக்கீழ் வருவதற்கு இது வழி. தத்துப் பிள்ளை தன் இயற்பெயரையே வைத்துக்கொள்வது போல என்க.

பழமை விரும்பும் பயணிக்கு இத்தொகுப்புகளே முதலில் தேடத்தக்க இடம். ஆனால் இவற்றில் ஓர் அறை போல மற்றோர் அறை இருக்கும் என்ற உறுதி குறைவு. பெயரை நம்பி மட்டும் போகாமல், அந்தந்த ஓட்டலைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

அரசாங்கமே இத்தகைய தொடரை நடத்துவதும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அரசு 1928 முதல் ‘பரடோர்’ என்னும் விடுதிகளை நடத்தி வருகிறது. பழங்கோட்டைகளும் துறவியர் மடங்களும் பல அவ்வாறு விடுதிகளாயின. போர்ச்சுகல் 1942-இல் ‘போசாடா’ என்ற பெயரில் அதே வழியில் இறங்கியது. சும்மா கிடந்தால் இடிந்துபோகும் கட்டடம், விருந்தினர் கொடுக்கும் பணத்தில் தன் கூரையைத் தானே காத்துக்கொள்கிறது. சாகண் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருவதுண்டு.

பழமையில் நால்வகை

‘பழமை வாய்ந்த ஓட்டல்’ என்று விளம்பரம் கூறினால், அது நான்கில் எது என்று கேட்க வேண்டும்.

ஒன்று, ஓட்டலாகவே கட்டப்பட்டு ஓட்டலாகவே முதுமை எய்தியது. ஜாம்செட்ஜி டாட்டா கட்டி 1903-இல் திறந்த பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டல் இவ்வகை. சிங்கப்பூர் ராஃபிள்ஸும் இவ்வகையே. 1987-இல் சிங்கப்பூர் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக்கியது.

இரண்டு, வேறு வேலைக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் ஓட்டலானது. சிங்கப்பூரின் ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928-இல் எழுந்தது. பெரிய அஞ்சலகம் நெடுங்காலம் அதில் இருந்தது. 2001-இல் அது ஓட்டலாயிற்று. சிங்கப்பூர்த் தமிழர் ஊருக்குக் கடிதமும் பணமும் அனுப்பிய அஞ்சலகக் கட்டடத்தில் இன்று விருந்தினர் துயில்கின்றனர். நம் கானாடுகாத்தானில் சி.ஜி.எச். எர்த் நிறுவனம் நடத்தும் ‘விசாலம்’ என்ற செட்டிநாட்டு வீடும் இவ்வகையில் அடங்கும்.

மூன்று, பழமையும் புதுமையும் ஒட்டி நிற்பது. பயணிகள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பம்பாய்த் தாஜில் 1903-ஆம் ஆண்டு மாளிகைக்குப் பக்கத்திலேயே 1970-களில் எழுந்த கோபுரக் கட்டடம் உண்டு. இரண்டும் ஒரே ஓட்டலின் பகுதிகள். கோபுரத்தில் அறை எடுத்தவர் பழைய மாளிகையைப் பார்க்கலாம், நடக்கலாம். தூங்குவது மட்டும் புதிய கட்டடத்தில். இலண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தின் முகப்பிலே 1873-இல் திறந்த மிட்லண்டு கிராண்டு ஓட்டல் 1935-இல் மூடப்பட்டு, 2011-இல் மாரியட் குழுமத்தின் ரெனைசான்ஸ் ஓட்டலாக மறுபிறவி எடுத்தது. அங்கும் அறைகளில் பெரும்பாலானவை பின்புறத்தில் புதிதாகக் கட்டிய பகுதியில் அமைந்தன. ஆகவே ‘எந்த ஓட்டல்’ என்று கேட்டால் போதாது. ‘எந்தப் பகுதியில் எந்த அறை’ என்று கேட்க வேண்டும்.

நான்கு, பழமை வேடம் பூண்ட புதியது. வளைவுகளும் தூண்களும் மரக்கட்டில்களும் இருக்கும். கட்டடத்துக்கு வயது பத்தோ பதினைந்தோ இருக்கும். இதில் குற்றமில்லை. நாடகத்தில் ராஜபார்ட் போட்டவரை யாரும் பொய்யர் என்பதில்லை. ஆனால் ராஜாவைக் காணச் செல்கிறோமா, ராஜபார்ட்டைக் காணச் செல்கிறோமா என்பது கட்டணம் செலுத்துமுன் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே கேட்டறிக: கட்டடம் எழுந்த ஆண்டு ஒன்று, இப்போதைய நிறுவனம் வந்த ஆண்டு மற்றொன்று. ‘தொடக்கம்’ என்று மட்டும் எழுதி ஓர் ஆண்டைப் போட்டிருந்தால், தொடங்கியது எது என்று கேட்பதில் தவறில்லை. சென்னைக் கன்னிமாரா ஓட்டலுக்கு அப்பெயர் வந்தது 1890-இல். இன்று நாம் காணும் முகப்பின் பாணியோ 1930-களுக்குரியது. இரண்டும் மெய், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் கட்டடம் உள்ளதா என்று பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. அப்பட்டியல் விளம்பரத்துக்காக எழுதப்பட்டதன்று.

சுவர் சொல்லும் செய்தி

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பழைய கட்டடத்தில் தங்குவதன் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் பௌதிகத்தின் பாற்பட்டவை.

பகல் வெயில் சுவரின் வெளிப்புறத்தைச் சுடுகிறது. அச்சூடு உள்ளே வந்து சேரச் செங்கல் தாமதம் செய்கிறது. ஓரடி கனமுள்ள செங்கற்சுவரில் இத்தாமதம் எட்டு மணி முதல் பத்து மணி நேரம் வரை இருக்கும். நடுப்பகலின் சூடு உள்ளே எட்டிப்பார்க்கும்போது வெளியே இரவு வந்துவிடுகிறது. சன்னலைத் திறந்தால் குளிர்காற்று அதை விரட்டிவிடும். வருகிற சூடு தாமதமாவதோடு, வழியிலேயே பெரிதும் தேய்ந்தும் போகிறது. உயர்ந்த மோடும், எதிரெதிர்ச் சன்னல்களும் சேர்ந்தால் மின்விசிறியே போதும் என்று தோன்றும். நம் ஊர்ப் பழைய வீடுகளின் குளிர்ச்சிக்கு இதுவே காரணம். அதில் மாயம் எதுவும் இல்லை.

ஆனால் மலைநாட்டிலும் குளிர்நாட்டிலும் இதே குணம் எதிரியாகும். குளிர்ந்துபோன கனத்த சுவர் சூடேறவும் நெடுநேரம் பிடிக்கும். ஆகவே குளிரிடங்களில் பழைய கட்டடத்தைத் தேர்ந்தால், அறைக்குச் சூடேற்றும் வசதி உண்டா என்பதே முதற்கேள்வி.

அடுத்தது ஈரம். பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பர். அதில் நுண்துளைகள் மிகுதி. சுவருக்குள் ஏறிய ஈரம் ஆவியாகி அவ்வழியே வெளியேறும். பழுது பார்க்கிறோம் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். காரை உப்பும், சாயம் உரியும், அறையில் பூஞ்சண வாடை எழும். எனவே பழைய ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். நன்கு காக்கப்பட்ட பழைய கட்டடம் மரவாடை வீசும்; மோசமாகப் பழுது பார்த்தது ஈரத்துணி வாடை வீசும்.

மூன்றாவது ஒலி. கனத்த சுவர் பக்கத்து அறைப் பேச்சைத் தடுக்கும். மரத்தளமோ மேல்மாடியில் நடப்பவரின் ஒவ்வோர் அடியையும் கீழே எண்ணிச் சொல்லும். தூக்கம் இலேசானவர்கள் மேல்தளத்தில் அறை கேட்பது நன்று. நான்காவது படிக்கட்டு. மின்தூக்கி பிறகு சேர்த்த வசதியாகையால், சில கட்டடங்களில் அது எல்லாப் பகுதிகளுக்கும் போய்ச் சேராது. முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதை மறந்தால், பழமையின் அழகெல்லாம் முழங்கால் வலியாய் முடியும். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி எது என்பதையும், பெட்டியை இறக்கிய உடனே பார்த்துவிட வேண்டும்.

இங்கேதான் தொடர் நிறுவனத்தின் பெயர் பயன்படுகிறது. தீத்தடுப்பு, நீர், மின்சாரம் ஆகியவற்றில் தன் பெயருக்குப் பழுது வராதபடி சில விதிகளை அது வகுத்திருக்கும். பழமைக்குக் கட்டடத்தையும், பாதுகாப்புக்கு நிறுவனத்தையும் விசாரிக்க வேண்டும். ஒன்றின் சிறப்பை மற்றொன்றின் சிறப்பாகக் கொள்ளலாகாது.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் அப்பாயி இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து அறையில் பிறந்தவர். பதினாலு வயது முதல் கொழுந்து பறித்தவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியதையும், 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதையும், மிகுந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் அப்பாயியும் ஓர் எண். 1970-களின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர், கூடலூரில் மீண்டும் தேயிலைச் செடிக்கே வந்து சேர்ந்தார். என் தந்தையார் வேலை தேடி வடக்கே வந்து, சாகணில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக அமர்ந்தார். நான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். மூன்று தலைமுறை, மூன்று மலைநாடு.

அப்பாயிக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. போகும் முன் ஒருமுறை பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். முழங்கால் வலி, குளிர் தாங்காத உடம்பு, மருந்து வேளை எல்லாம் இருப்பதால், தெரியாத வீட்டில் தங்க வைப்பதற்கு அப்பா அஞ்சினார். “பேரு தெரிஞ்ச கம்பெனி ஓட்டலாப் பாருடா. ராத்திரி ஒண்ணுன்னா கேக்க ஆள் இருக்கணும்” என்றார். இரண்டு இரவுக்கு வேண்டிய பணத்தை ஓராண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார். ஆராய்ந்து சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நுவரெலியா வட்டாரத்தில் பழமையுள்ள ஓட்டல்களாக மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்று கிராண்டு ஓட்டல்; ஆங்கிலேய கவர்னர் எட்வர்டு பார்ன்ஸின் மலைவாச மாளிகை அதற்கு மூலம். இரண்டாவது, ஜெட்விங் நிறுவனம் நடத்தும் செயின்ட் ஆண்ட்ரூஸ். அதுவும் வெள்ளையர் காலத்துக் கட்டடமே. மூன்றாவது, கந்தப்பளையில் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தின் ஹெரிட்டன்ஸ் தொடரைச் சேர்ந்த ‘டீ ஃபேக்டரி’. 1930-களில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையாக இருந்து, வேலை நின்று வெறுமையாய்க் கிடந்து, 1996-இல் ஓட்டலாகத் திறந்த கட்டடம் அது.

மூன்றாவது கட்டடம் எனக்கு அறிவியல் முறையிலும் சுவையாயிருந்தது. பறித்த கொழுந்தை உடனே அரைக்க முடியாது. முதலில் வாட்ட வேண்டும். மேல்மாடிகளில் இலையைப் பரப்பி, காற்றைப் புகுத்தி, ஈரத்தைக் குறைப்பர். அதற்காகவே தேயிலைத் தொழிற்சாலைகள் பல மாடிகளாக உயர்ந்து, வரிசை வரிசையாய்ச் சன்னல்கள் கொண்டு நிற்கின்றன. வாடிய இலை கீழே இறங்கி உருளையில் கசங்கி, காற்றுப் பட்டு நிறம் மாறி, சூடேற்றிய உலர்த்தியில் கறுத்துத் தூளாகும். இலை வாட்டிய அந்த மேல்தளங்களே இன்று படுக்கை அறைகள். காற்று இலைக்காக வந்த சன்னல் வழியே இன்று விருந்தினர் மலையைப் பார்க்கின்றனர். எஃகுத் தூண்களும் பழைய எந்திரமும் அங்கேயே இருக்கின்றன. பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் இவ்வளவு இணக்கமாகப் பொருந்திய மாற்றம் எங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

ஆயினும் கந்தப்பளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில், கொழும்பைவிடப் பதின்மூன்று டிகிரி குளிர் மிகும். தண்ணீர் கூட அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் பார்த்தோம்.

அப்பாவுக்கு அந்த மூன்றாவது ஓட்டல் பிடிக்கவில்லை. “அம்மா முதுகொடிஞ்ச எடத்துக்கே காசு குடுத்துப் போய்ப் படுக்கணுமா? கவர்னர் வீட்டிலேயே தங்கட்டும். ஒருநாளாச்சும் துரை மாதிரி இருக்கட்டும்” என்றார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. எந்தப் பழமையைப் பணம் கொடுத்துப் பெறுகிறோம் என்பது எல்லாருக்கும் ஒன்றாக இராது. துரையின் பேரனுக்கு இன்பமாயிருக்கும் பழமை, கூலியின் பேரனுக்கு வலியாயிருக்கலாம். ஓட்டல் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி வாய் திறந்தார். தோட்டத்தில் தொழிற்சாலையை ‘இஸ்டோரு’ என்பார்கள்.

“கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வெளிய இருந்தே திரும்பிருவோம் சாமி. எத்தனை வருசம் பறிச்சுக் குடுத்தேன். அந்த இஸ்டோருக்குள்ள போனதுக்கு அப்பறம் அது என்னா ஆச்சுன்னு ஒரு நாளும் கண்டதில்ல. கவர்னரு வீட்ட நான் பாத்து என்ன பண்ணப் போறேன்? என்னய இஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போ.”

அப்பா அதன்பின் ஒன்றும் பேசவில்லை. எங்கள் தேர்வு முடிந்தது. அறைக்குச் சூடேற்றும் வசதி எப்படி, மின்தூக்கி எந்தத் தளம் வரை போகிறது, படியேறாமல் சாப்பாட்டு அறைக்குப் போக முடியுமா என்ற மூன்றையும் கேட்டு ஓட்டலுக்கு எழுதியிருக்கிறோம். விடையைப் பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்குவோம்.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். நண்பர்களுள் பயிற்சிக்காக ஜெர்மனிக்கோ, ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கோ, உறவினரைக் காண மலேசியாவுக்கோ செல்பவர் உண்டு, அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

1. கட்டடம் எழுந்த ஆண்டு எது? இந்த நிறுவனம் வந்த ஆண்டு எது?

2. நிறுவனம் தானே நடத்துகிறதா, பெயரை மட்டும் கொடுத்திருக்கிறதா?

3. எனக்குத் தரும் அறை பழைய பகுதியிலா, புதிய பகுதியிலா? இதை முன்பதிவுச் சீட்டிலேயே எழுதித் தருவார்களா?

4. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் கட்டடம் உள்ளதா?

5. அறைக்குக் குளிரூட்டலோ சூடேற்றலோ உண்டா? மின்தூக்கி அந்த அறை வரை போகுமா?

6. அண்மையில் தங்கியவர்கள் ஈர வாடை, ஒலி, வெந்நீர் ஆகியவை பற்றி என்ன சொல்கிறார்கள்?

ஏழாவது கேள்வி என்னுடையதன்று, அப்பாயியுடையது. ஓட்டலைப் பற்றி நான் படித்துக் காட்டியபோது, கட்டியவர் யார், வாங்கியவர் யார், மாற்றியவர் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “அங்கன வேல செஞ்சவங்க பேரு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?” என்றார். பழைய ஓட்டல் எதுவானாலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் மகாராஜாக்களும் கவர்னர்களும் மட்டுமே இருக்கிறார்களா, கல் சுமந்தவரும் கொழுந்து பறித்தவரும் ஒரு மூலையிலேனும் இருக்கிறார்களா? இதைக் கொண்டே அந்த ஓட்டல் தன் பழமையை அறிந்து போற்றுகிறதா, விற்க மட்டுமே வைத்திருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

சாகணிலும் இன்று நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் இருக்கின்றன. மராத்தியரும், பீகாரிகளும், ஒரியர்களும், நம் தமிழரும் அவற்றில் மூன்று ஷிப்டும் வேலை செய்கிறார்கள். எந்திரத்துக்கு என்றேனும் ஓய்வு வரும். கந்தப்பளையில் வந்தது போல இங்கும் வரும். அப்போது அந்தக் கூடங்கள் எவையாக மாறும் என்பதை நாம் அறியோம். ஒருகால் ஓட்டலானால், அங்கே தங்க வரும் பேரப்பிள்ளை ஒருவன் தன் தாத்தாவின் பெயரைச் சுவரில் தேடக்கூடும். அந்தப் பெயரை எழுதி வைக்கும் வேலையை இன்றே தொடங்குவதற்கு, ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.